கொப்புள நோய்களுக்கென்றே ஒரு தோல் பிரிவு: பதினாறு மாதங்களாக வரும் நோயாளியின் மதிப்பீடு

என் தொழில் தையல். இருபத்திரண்டு வருடங்களாகத் தைக்கிறேன். பழுது பார்க்க ஒரு துணி வந்தால், எங்கே கிழிந்தது, ஏன் கிழிந்தது என்று பார்க்காமல் ஊசியை எடுக்கமாட்டேன். இற்றுப்போனது நூலா, துணியா என்று தெரியாமல் மேலே ஒட்டுப்போட்டால், பக்கத்திலேயே அடுத்த கிழிசல் விழும். ஐந்து மாதங்கள் என் வாய்க்குள் போடப்பட்டவை எல்லாம் அப்படிப்பட்ட ஒட்டுகள்தாம்.

முதலில் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. பிறகு ஈறு, பிறகு நாக்கின் அடி. வைட்டமின் குறைவு என்றார் ஒருவர். பூஞ்சை என்று சொல்லித் தடவுவதற்கு மருந்து தந்தார் இன்னொருவர். பல்லின் முனை குத்துகிறது என்று மூன்றாமவர் பல்லை ராவிவிட்டார். புண் ஆறவில்லை. தண்ணீர் குடிக்கவே பயந்தேன். எடை ஏழு கிலோ குறைந்தது. ஓரிடத்தில் பயாப்சிகூட, அதாவது சோதனைக்கு ஒரு சதைத் துணுக்கு, எடுத்தார்கள், புண்ணின் நட்டநடுவில். 'குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமில்லை, நாள்பட்ட அழற்சி' என்று முடிவு வந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு வலி என்று நானே என்னைச் சந்தேகித்தேன்.

ஐந்தாம் மாதம் மார்பில் ஒரு கொப்புளம் வந்தது. தளதளவென்று, தொட்டால் உடையும்படி இருந்தது. மறுநாள் அது உடைந்து பச்சைப்புண்ணாகி, முதுகில் மூன்று புதிதாக வந்தன. அப்போதுதான் ஒரு தோல் மருத்துவர் வாயையும் மார்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே இந்தப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். தன்னுடல் தாக்கு நோய்களும் அரிய தோல் நோய்களும் மட்டும் பார்க்கிற பிரிவு இது. நோயாளியின் பார்வையில் எதுவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று அன்று தேடி ஏமாந்தேன். அதனால்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் மருத்துவர் என்னுடன் நாற்பது நிமிடங்கள் இருந்தார். நாற்பதில் பாதி கேள்விகளுக்கே போனது. குரல் கம்மியிருக்கிறதா? விழுங்கும்போது நெஞ்சில் எரிகிறதா? காலையில் மூக்கில் ரத்தப் பொருக்கு வருகிறதா? கண் உறுத்துகிறதா? சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா, அந்தரங்க இடத்தில் புண் இருக்கிறதா? மூக்கில் பொருக்கு இரண்டு மாதங்களாக வந்துகொண்டிருந்தது. குளிர்ச்சி என்று நினைத்து விட்டிருந்தேன். கடைசிக் கேள்விக்கும் ஆம் என்றுதான் பதில். கூச்சத்தில் என் மகளிடம்கூட அதைச் சொன்னதில்லை. அதுவரை எந்த மருத்துவரும் கேட்டதுமில்லை. கேட்காமல் விட்டிருந்தால் நானாக வாய் திறந்திருக்கமாட்டேன்.

பிறகு கொப்புளத்துக்குச் சற்றுத் தள்ளி, பார்வைக்கு நன்றாக இருந்த தோலின் மீது கட்டை விரலை வைத்து மெல்ல அழுத்தித் தள்ளினார். மேல்தோல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. சரியாக ஒட்டாத உள்துணி மேல்துணியை விட்டு நழுவுமே, அப்படி. இதற்கு நிகோல்ஸ்கி அடையாளம் என்று பெயராம். பியோத்தர் நிகோல்ஸ்கி என்ற ரஷ்ய மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்தது. நூறு வருடங்களுக்கு மேலாக ஒரு விரலால் செய்துபார்க்கும் சோதனை ஒன்று இருந்திருக்கிறது. ஐந்து மாதங்களில் ஒருவர்கூட என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம்.

இனி பயாப்சி. இந்தப் பிரிவின் அருமை எனக்குத் தெரிந்தது இந்த இடத்தில்தான். மருத்துவர் உடனே வெட்டவில்லை. உடம்பு முழுவதும் தேடி, 'இன்று காலை வந்தது எது?' என்று கேட்டார். விலாவில் சிறிதாக ஒன்று இருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டு, வட்டக் கத்தியால் அதன் ஓரத்தில் ஒரு துணுக்கு எடுத்தார். துணியில் ஐலெட் துளை போடுகிற கருவியைச் சிறிதாக்கினால் அந்தக் கத்திதான். குறுக்களவு 4 மில்லிமீட்டர். பாதி கொப்புளம், பாதி நல்ல தோல் என்று வருகிற மாதிரி எடுத்தார். பிறகு அதன் அருகிலேயே, கொப்புளம் இல்லாத தோலில் இரண்டாவது துணுக்கு.

மேசை மீது இரண்டு பாட்டில்கள் இருந்தன. முதல் துணுக்கு ஃபார்மலினுக்குப் போனது. இரண்டாவதை எடுத்த நர்ஸ், பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த சீட்டை மருத்துவரிடம் காட்டி, வாய்விட்டுப் படித்து, அவர் தலையசைத்த பிறகே உள்ளே போட்டார். அது மிஷெல் கரைசல். ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்டேன். "அம்மா, முதல் துணுக்கில் தோல் எந்த அடுக்கில் பிரிகிறது என்று பார்ப்போம். இரண்டாவதில், பிரித்தது யார் என்று பார்ப்போம். பிரிக்கிற எதிர்ப்பொருளை ஒளிரவைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் அது ஒளிராது" என்றார் மருத்துவர். பழைய பயாப்சி ஏன் எதையும் சொல்லவில்லை என்பதற்கும் அன்றே விடை கிடைத்தது. புண்ணின் நடுவில் மேல்தோலே இல்லை. இல்லாத தோலில் நோயைத் தேடியிருக்கிறார்கள். ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனைக்குத் துணுக்கே எடுக்கவில்லை.

கத்தியை எங்கே வைப்பது, எடுத்ததை எதில் போடுவது. என் ஐந்து மாதங்கள் இந்த இரண்டில் போயின. ஆறாத வாய்ப்புண்ணோடு அலைகிறவர்கள் பயாப்சிக்கு ஒப்புக்கொள்ளும்போது இந்த இரண்டையும் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் மருத்துவரிடம் துணுக்குக் கொடுக்காதீர்கள்.

நோயின் பெயர் பெம்ஃபிகஸ் வல்காரிஸ். மேல்தோலின் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களுக்கு டெஸ்மோகிளீன் என்று பெயர். என் உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலம் அந்தப் புரதங்களையே பகையென்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பொருள் செய்கிறது. மருத்துவர் பசை என்று சொல்லி விளக்கினார். எனக்கு டிச் பட்டன்தான் நினைவுக்கு வந்தது: இரண்டு துணியும் நன்றாகவே இருக்கின்றன, நடுவில் பட்டன்கள் கழன்றுகொள்கின்றன. சொன்னேன். அவர் சற்று யோசித்து, பசையைவிட அதுதான் உண்மைக்குப் பக்கம் என்றார். வாயில் டெஸ்மோகிளீன் 3 அதிகம். அதைத் தாக்கும் எதிர்ப்பொருள் மட்டும் இருக்கும் வரை நோய் வாயோடு நிற்கும். டெஸ்மோகிளீன் 1-ஐத் தாக்குவதும் சேர்ந்துகொண்டால் தோலுக்கு வரும். என் நோய் வாயில் தொடங்கி மார்புக்கு வந்த வழியும் அதுவே. ஒளிரும் சோதனைப் படத்தைக் கணினியில் காட்டினார்: கறுப்புப் பின்னணியில் பச்சை வலை, ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு கண்ணி. இந்த நோயாளிகளின் ரத்தத்தில் அப்படிப்பட்ட எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதைப் பியூட்னர், ஜோர்டன் என்ற ஆய்வாளர்கள் 1964இல் காட்டினார்களாம். தொற்று நோய் அல்ல என்பதை மட்டும் மருத்துவர் இரண்டு முறை, என் மகளைப் பார்த்துச் சொன்னார். அன்று இரவுதான் அவள் பல நாட்களுக்குப் பிறகு என் பக்கத்தில் படுத்தாள்.

ஒரு குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளிரும் சோதனை வெளி ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. முடிவு வர பன்னிரண்டு நாட்கள் ஆயின. அத்தனை நாளாகும் என்று முன்பே யாரும் சொல்லவில்லை. தினமும் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தேன். துணுக்குகள் எடுத்த அன்றே ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதால் நாட்கள் வீணாகவில்லை, உண்மைதான். ஆனால் 'இத்தனை நாளாகும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

காத்திருக்கும் இடத்தில் நிறைய நேரம் போகும். முன்பதிவு நேரத்தை நம்பி வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றரை மணி நேரம் தள்ளியே அழைக்கிறார்கள். ஒவ்வொருவரையும் அவ்வளவு நேரம் பார்த்தால் அப்படித்தான் ஆகும் என்று நான் சமாதானம் அடைந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் நான் கற்றுக்கொண்டதும் குறைவில்லை. ஒரு பெரியவருக்குக் கை கால்களில் விறைப்பான கொப்புளங்கள். உடைய மறுப்பவை, தாங்க முடியாத அரிப்பு. கொப்புளம் வருவதற்கு முன்பே பல மாதங்கள் வெறும் அரிப்பாக இருந்ததாம். அவருடையது பெம்ஃபிகாய்டு. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் நோய் வேறு. தோல் பிரிவது மேல்தோலுக்கு அடியில். வால்டர் லீவர் என்ற மருத்துவர் 1953இல்தான் இரண்டையும் தனித்தனி நோய்கள் என்று பிரித்துக் காட்டினார். ஒரு இளைஞருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள். கோதுமையில் இருக்கிற குளூட்டன் அவர் குடலுக்கு ஒவ்வாததன் வெளிப்பாடு அது. அவருக்கு டாப்சோன் மாத்திரை கொடுக்கும் முன், ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் அளவைப் பரிசோதித்தார்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு டாப்சோன் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கண்ணிமைகளில் ஊதா நிறமும் விரல் மூட்டுகளில் சிவந்த தடிப்புகளுமாக வந்த ஒரு பெண்ணுக்கு, தோலோடு நிறுத்தாமல் தசையின் வலிமையைப் பார்த்தார்கள். உள்ளே புற்றுநோய் ஏதும் இருக்கிறதா என்றும் தேடினார்கள். ஐந்து மாதங்கள் ஒரே களிம்பு வாங்கியவளுக்கு இதெல்லாம் வேறு உலகம்.

சிகிச்சைக்கு வருகிறேன். ஸ்டீராய்டு வருவதற்கு முன், அதாவது 1950-களுக்கு முன், இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள் என்பதை மருத்துவர் மறைக்கவில்லை. இன்று நிலைமை வேறு என்பதையும் எண்களோடு சொன்னார். பிரான்சில் 90 நோயாளிகளிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், ரிடுக்சிமாப் மருந்தும் குறுகிய கால ஸ்டீராய்டும் சேர்ந்து பெற்ற 46 பேரில் 41 பேருக்கு, இரண்டாம் ஆண்டு முடிவில் ஸ்டீராய்டே இல்லாமல் நோய் அடங்கியிருந்தது. ஸ்டீராய்டு மட்டும் பெற்ற 44 பேரில் அப்படி இருந்தவர்கள் 15 பேர். அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்கு அதை அனுமதித்தது. எதிர்ப்பொருள் செய்யும் செல்களாக மாறப்போகிற பி செல்களை அந்த மருந்து அழிக்கிறது. ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றுகிற எதிர்ப்பொருள் மெதுவாகத்தான் வடியும். அதுவரை ஸ்டீராய்டு காவல் நிற்கும். எனக்கு இது புரிந்ததால்தான், அந்த மருந்தின் ஊசி போட்ட மூன்றாம் வாரத்திலும் புதுக் கொப்புளம் வந்தபோது மனம் உடையவில்லை.

ஊசிக்கு முன் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி, காசநோய் எல்லாவற்றுக்கும் பரிசோதனை செய்தார்கள். ஹெபடைட்டிஸ் பி உடம்பில் உறங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடும் என்பதால் அந்த முடிவு வராமல் தேதியே தரவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பின் அடர்த்தி, கண் எல்லாம் பார்த்தார்கள்.

முதல் டோஸ் 1000 மில்லிகிராம். டிரிப்ஸ் வழியாக, மிக மெதுவாக. முக்கால் மணி நேரத்தில் தொண்டையில் அரிப்பெடுத்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் தொண்டையைச் செருமியதை வைத்தே நர்ஸ் வந்து டிரிப்ஸை நிறுத்திவிட்டார். மருத்துவர் வந்து பார்த்து, அரை மணி நேரம் கழித்துப் பாதி வேகத்தில் மீண்டும் தொடங்கச் சொன்னார். பொழுது சாய்ந்துதான் முடிந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. பதினைந்தாம் நாள் இரண்டாவது டோஸ் எந்தத் தொல்லையும் இல்லாமல் முடிந்தது.

இந்தப் பிரிவில் ஒருவருக்குத்தான் நன்றி சொல்ல முடியும் என்றால், கட்டு அறையின் சிஸ்டருக்குச் சொல்வேன். அன்று முதுகுப் புண்ணோடு மேல்துணி ஒட்டிப்போய் வந்திருந்தேன். வீட்டில் உரித்துப் பார்த்துத் தோலும் சேர்ந்து வந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். அவர் துணியைத் தொடவே இல்லை. வெதுவெதுப்பான சலைனைக் காஸ் துணியில் நனைத்து மேலே போட்டுவிட்டு, பத்து நிமிடங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறுபடி நனைத்தார். மூன்றாவது முறை துணி தானாக மிதந்து வந்தது. பெரிய கொப்புளங்களை, சுத்தம் செய்த ஊசியால் கீழ் ஓரத்தில் குத்தி நீரை வடித்தார், மேல்தோலை வெட்டவில்லை. "அந்தத் தோல்தான் அக்கா, உங்களுக்கு இருப்பதிலேயே நல்ல கட்டு" என்றார். ஒட்டாத சிலிகான் கட்டு வைத்து, தோலில் பிளாஸ்திரியே படாமல், குழாய் போன்ற பின்னல் துணியை மேலே மாட்டிவிட்டார். பிளாஸ்திரியை உரிக்கும்போது என் தோல் கூடவே வந்துவிடும் என்பது அதற்கு முன் கட்டுப் போட்ட வேறொரு இடத்தில் தெரியாமல் போயிற்று; அதன் தழும்பு இடுப்பில் இருக்கிறது.

அன்று வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒன்று தோன்றியது. உடையின் தையல் மடிப்புகள் எல்லாம் உள்பக்கம்தானே இருக்கின்றன? உரசுவது அந்த மடிப்புகள்தாம். மிக மெல்லிய பருத்தியில், மடிப்புகளை வெளிப்பக்கம் வைத்து, கையைத் தூக்காமலே போட்டுக்கொள்ளும்படி முன்பக்கம் முழுவதும் முடிச்சு நாடாக்களோடு ஒரு உள்ளாடை தைத்துக்கொண்டேன். லேபிள் இல்லை, எலாஸ்டிக் இல்லை. அடுத்த வாரம் சிஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாதிரி கிடைக்குமா என்று கேட்டார். நோய் வந்த பிறகு என் தொழிலைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை.

குறைகளில் பெரியது ஒன்று உண்டு. ஒரு விடுமுறை நாளில் எனக்குக் காய்ச்சல் 101ஐத் தாண்டியது. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருப்பவருக்குக் காய்ச்சல் என்றால் அது காத்திருக்கும் விஷயமில்லை. கொடுத்திருந்த எண்ணை மூன்று முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. வேறொரு அவசரப் பிரிவுக்குப் போனோம். என் கோப்பு முழுவதையும் மகள் எடுத்து வந்திருந்ததால் அங்கிருந்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. சிறுநீர்த் தொற்று, சரியானது. பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். மருத்துவர் மன்னிப்புக் கேட்டார். இப்போது விடுமுறை நாட்களுக்குத் தனி எண்ணும், என்ன மருந்தில் இருக்கிறோம் என்று எழுதிய அட்டையும் தருகிறார்கள். அந்த அட்டையில் 'ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது' என்றும் இருக்கிறது. முதல் நாளே அது என் கையில் இருந்திருக்க வேண்டும். முகம் உப்பிப்போன வருத்தத்தில், நாமே நிறுத்திவிட்டால் என்ன என்று நினைத்த இரவுகள் உண்டு. நீண்ட நாள் எடுத்தவருடைய அட்ரீனல் சுரப்பி சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும் என்றும், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த மாத்திரை தூக்கத்தையும் மனநிலையையும் புரட்டிப்போடும் என்பதையும் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். காரணம் தெரியாமல் அழுதிருக்கிறேன்.

பல் மருத்துவர் ஒருவரும் இந்தப் பிரிவோடு இணைந்து இருந்தால் நல்லது. மென்மையான பிரஷ், நுரைக்காத பற்பசை, ஸ்டீராய்டு கலந்து கொப்பளிக்கும் மருந்து என்று சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஈறு உரிந்த வாயைத் தொட அஞ்சாத பல் மருத்துவரை நாமேதான் தேட வேண்டியிருக்கிறது.

ஐந்துக்கு நான்கரை தருவேன். அந்த அரை, தொலைபேசிக்காக.

இப்போதைய நிலை: ஆறாவது வாரத்தோடு புதுக் கொப்புளங்கள் நின்றன. வாய் கடைசியாக, நான்காம் மாதம் ஆறியது. ஸ்டீராய்டு படிப்படியாகக் குறைந்து ஏழாம் மாதம் நின்றது. பன்னிரண்டாம் மாதம் 500 மில்லிகிராம் டோஸ் ஒன்று போட்டார்கள். அடுத்தது பதினெட்டாம் மாதம். ரத்தத்தில் டெஸ்மோகிளீன் 3 எதிர்ப்பொருள் வெகுவாகக் குறைந்திருக்கிறது. எண்ணைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது, வாயைப் பார்த்தும் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் விளக்கை அடித்து உள்ளே பார்க்கிறார். கொப்புளங்கள் இருந்த இடங்களில் பழுப்புத் தழும்புகள் இருக்கின்றன, மெல்ல மங்குகின்றன.

முதல் முறை போகிறவர்களுக்கு: பழைய பயாப்சி எடுத்திருந்தால் தாளை மட்டுமல்ல, துணுக்கு பதித்த கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். நீங்கள் எடுக்கிற எல்லா மருந்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள். சில மருந்துகள் இந்த நோயைத் தூண்டும். கொப்புளத்தை உடைக்காமல், தேதியோடு படம் எடுங்கள். புதிதாக ஒன்று வந்தால் முன்பதிவு நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். வரவேற்பு மேசையில் 'இன்று வந்த கொப்புளம்' என்று சொன்னால் அன்றைக்கே பார்க்கிறார்கள்.

உள்ளாடையின் பேப்பர் கட்டிங்கைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுகளில் கட்டு அறையில் கொடுத்து வைத்திருக்கிறேன். தைக்கத் தெரிந்தவர்கள் படி எடுத்துக்கொள்ளலாம். தெரியாதவர்கள் சிஸ்டரிடம் மார்புச் சுற்றளவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த முறை நான் வரும்போது தைத்து எடுத்து வருகிறேன்.